செல்மாவில் ராத்திரி தங்குவது யார்? அட்லாண்டா ஆனந்தனுக்கு ஒரு மறுப்பு

கணக்கன்
பயணப் பகுதியில் அட்லாண்டா ஆனந்தன் நேற்று எழுதியதைப் படித்த எரிச்சலில் இந்த இழையைத் தொடங்குகிறேன். அவர் எழுதியது இதுதான்: "கறுப்பின வரலாற்றுச் சுற்றுலா அமெரிக்காவின் தென்மாநிலங்களைத் தூக்கி நிறுத்திவிட்டது. 2019-ல் கறுப்பினப் பயணிகள் உள்நாட்டுச் சுற்றுலாவுக்கு மட்டும் 10,940 கோடி டாலர் செலவழித்தார்கள். மான்ட்கோமரி, செல்மா எல்லாம் இன்று அதில்தான் பிழைக்கின்றன."

செல்மா பிழைக்கிறதாம்! நான் மான்ட்கோமரியில் கார் ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இதே அலபாமாவில் செல்மா எனக்குப் பக்கத்து ஊர். 1965-ல் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினத்தவரைப் பாலத்தில் போலீஸ் அடித்தது அங்கேதான். 1960-ல் 28,000 பேர் இருந்த ஊர் அது. 2020 கணக்கெடுப்பில் 18,000-க்கும் கீழே வந்துவிட்டது. 2023 ஜனவரியில் சூறாவளி வேறு ஊரைக் கிழித்துப் போட்டது. பாலத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே கதவுக்குப் பலகை அடித்த கடைகள் நிற்கின்றன.

சுற்றுலாப் பேருந்து எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறேன். பாலத்தடியில் நிற்கும். எல்லோரும் இறங்கி எட்மண்ட் பெட்டஸ் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே படம் எடுப்பார்கள், நடந்து அக்கரை போவார்கள், திரும்பி வண்டி ஏறுவார்கள். மத்தியானச் சாப்பாடு மான்ட்கோமரியில், படுக்கையும் மான்ட்கோமரியில். அறை வாடகை, அறை வரி, சாப்பாட்டு பில், டிப்ஸ் எல்லாம் அங்கேதான் விழும்.

ஒரே ஒரு கேள்வி. செல்மாவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் ராத்திரி தங்குகிறார்கள்?

அட்லாண்டா ஆனந்தன்
கணக்கன் சார், தனி இழை போட்டுத் திட்டும் அளவுக்கு நான் என்ன தப்பு எழுதிவிட்டேன்? ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷத்திலிருந்து இந்தப் பக்கம் இருக்கிறேன். எங்கள் சங்கத்துப் பிள்ளைகளை வருஷா வருஷம் அலபாமாவுக்குக் கூட்டிப்போகிறவன் நான். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

2018 ஏப்ரலில் வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் சமநீதி அமைப்பு மான்ட்கோமரியில் ஓர் அருங்காட்சியகமும், வெள்ளையர் கும்பல் கொலைகளில் இறந்த கறுப்பினத்தவருக்கு ஒரு நினைவிடமும் திறந்தது. முதல் வருஷத்திலேயே 4 லட்சம் பேர் வந்தார்கள். அதற்கு முன்னால் அலபாமாவுக்குச் சுற்றுலா என்றால் கடற்கரையும் கோல்ஃபும்தான். இப்போது நியூயார்க்கிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே பழைய கிடங்குகளைப் புதுப்பித்துப் பெரிய ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்து விற்ற வட்டாரம் அது.

அந்த நினைவிடத்துக்குள் போய் நின்றால் தெரியும். 800-க்கும் மேல் துருவேறிய எஃகுத் தூண்கள். கொலை நடந்த கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண், அதில் பெயர்களும் தேதிகளும். உள்ளே நுழையும்போது தூண்கள் நம் முகத்துக்கு நேரே நிற்கும். நடக்க நடக்கத் தரை கீழே இறங்கும், தூண்கள் தலைக்கு மேலே தொங்க ஆரம்பித்துவிடும். எங்கள் பிள்ளைகளில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவன் ஒருவன் பாதியில் வாயை மூடினான், வெளியே வரும்வரை திறக்கவில்லை. இதைப் பார்க்க வருகிறவனிடம் ஹோட்டல் ரசீது கேட்கிறீர்களே!

கணக்கன்
நீங்கள்தானே 10,940 கோடி என்று ரசீதோடு வந்தீர்கள்? பணக் கணக்கை நீங்கள் எடுத்தீர்கள், நான் கேட்கிறேன். கேட்டதும் தூண், கண்ணீர், பிள்ளைகள்.

நான் கேட்டது மான்ட்கோமரியை அல்ல. செல்மா. ராத்திரி. எத்தனை பேர்?

தோழர் துரை
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த 10,940 கோடியே இந்த விவாதத்துக்குப் பொருந்தாது. கறுப்பின அமெரிக்கர்கள் 2019-ல் உள்நாட்டில் பொழுதுபோக்குப் பயணத்துக்குச் செலவழித்த மொத்தத் தொகை அது. டிஸ்னி போனது, லாஸ் வேகாஸ் போனது, கடற்கரை போனது எல்லாம் அதில் அடக்கம். வரலாற்று இடங்களுக்காகச் செலவான பணம் அதில் ஒரு பகுதிதான். செல்மாவுக்கு வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் வருகிறார்கள், அவர்கள் செலவு அதில் இல்லவே இல்லை. முதலில் எதை அளக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

அட்லாண்டா ஆனந்தன்
துரை, எண் சரியான எண்தானே? பொய் எண் இல்லையே? அப்புறம் என்ன?

கணக்கன் சார், செல்மாவில் தங்க இடமே இல்லாத மாதிரி எழுதுகிறீர்கள். ஆற்றங்கரையில் செயின்ட் ஜேம்ஸ் ஹோட்டல் இருக்கிறது, 1837-ல் கட்டியது. 2021-ல் ஹில்டன் குடும்பத்தின் கீழ் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆளே வராத ஊரில் ஹில்டன் எதற்குப் போர்டு மாட்டுகிறான்?

ஊர் சரிந்தது சுற்றுலாவால் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். கிரெய்க் விமானப்படைத் தளத்தை 1977-ல் மூடினார்கள். வேலை போனது, ஜனம் போனது. தளம் போன ஊருக்குப் பாலமாவது மிஞ்சியிருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாமா?

கணக்கன்
தளம் மூடியதால் ஊர் சரிந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் பாலம் ஊரைத் தூக்கி நிறுத்தவில்லை என்றுதானே ஆகிறது? நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறீர்கள்.

செயின்ட் ஜேம்ஸ் இருப்பது எனக்குத் தெரியும், வாசலில் நின்றிருக்கிறேன். மார்ச் முதல் வாரம் பாலம் கடக்கும் விழாவுக்கு அரசியல்வாதிகளும் டிவிக்காரர்களும் வரும்போது எந்த ஹோட்டலும் நிரம்பும். 1965 மார்ச் 7-ல் ஊர்வலத் தலைவர் ஜான் லூயிஸின் மண்டை போலீஸ் அடியில் உடைந்த இடத்தில் கைகோத்து நடந்து படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் விமானம் ஏறிவிடுவார்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஹோட்டலில் எத்தனை விளக்கு எரிகிறது? அதைச் சொல்லுங்கள்.

இது ஏன் முக்கியம் என்று புரியாதவர்களுக்கு: பகலில் வந்து போகிறவன் ஒரு குளிர்பானம், ஒரு டி-ஷர்ட், அவ்வளவுதான். ராத்திரி தங்குகிறவன் அறை வாடகை தருகிறான், அதன்மேல் மாநிலத்துக்கு 4 விழுக்காடு வரி, ஊருக்குத் தனியாக வரி. இரண்டு வேளை சாப்பிடுகிறான், பெட்ரோல் போடுகிறான். அறை துடைக்க, சமைக்க, கணக்கெழுத ஆள் வேண்டும். அந்த ஆள் உள்ளூர் ஆள். ராத்திரி இல்லை என்றால் இது எதுவும் இல்லை.

மெம்பிஸ் மீனாட்சி
ராத்திரித் தங்கல் என்று ஆரம்பித்ததால் நானும் வருகிறேன். இந்தச் சுற்றுலாவில் பாதி இடங்கள் ஒரு காலத்தில் கறுப்பினத்தவர் ராத்திரி தங்கிய இடங்கள்தானே?

எங்கள் ஊர் லொரெய்ன் மோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் பெய்லி என்ற கறுப்பினத்தவர் 1945-ல் வாங்கி நடத்தியது. வெள்ளையர் ஹோட்டல்களில் இடம் கிடைக்காத காலத்தில் பாடகர்களும் வியாபாரிகளும் அங்கேதான் தங்கினார்கள். 1968 ஏப்ரல் 4-ல் அதன் பால்கனியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள். அதே நாளில் பெய்லியின் மனைவிக்குப் பக்கவாதம் தாக்கியது, கிங்கின் அடக்கம் நடந்த அன்றே அவரும் போய்விட்டார். பெய்லி 306-ஆம் அறையை வாடகைக்கு விடாமல் நினைவாக வைத்திருந்தார். தொழில் நொடித்து 1982-ல் மோட்டல் ஏலத்துக்கு வந்தது. 1991-ல் அருங்காட்சியகம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1988-ல் அந்த மோட்டலைக் காலி செய்தபோது கடைசியாக இருந்த ஒரு பெண்ணைப் போலீஸ் தூக்கி வெளியே வைத்தது. அவர் எதிர்ச் சாரியில் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் மறியல் செய்தார். இத்தனை பணத்தை ஏழைகளுக்கு வீடு கட்டச் செலவழித்திருந்தால் கிங்குக்கு அதுவே மரியாதை என்பது அவர் வாதம். பால்கனியில் நினைவு மலர்வளையம், கீழே இரண்டு பழைய கார்கள், முகப்பை அன்று இருந்த மாதிரியே வைத்திருக்கிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்று வாடகை என்ன தெரியுமா? அங்கே முன்னால் குடியிருந்தவர்கள் கிட்டவே வர முடியாது. இதுவும் பொருளாதார மதிப்பில் சேருமா, ஆனந்தன் அண்ணே?

கணக்கன்
அக்கா சொன்னது என் கட்சிக்கு வலு. பர்மிங்ஹாமில் ஏ.ஜி. காஸ்டன் 1954-ல் கட்டிய மோட்டலும் அப்படித்தான். 1963-ல் இன ஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தில் கிங்கும் உள்ளூர்த் தலைவர் ஷட்டில்ஸ்வொர்த்தும் 30-ஆம் அறையில் உட்கார்ந்துதான் திட்டம் போட்டார்கள். மே மாதம் அங்கே குண்டு வெடித்தது. இன்று அது தேசிய நினைவுச்சின்னத்தின் பகுதி. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ஹோட்டலைப் பார்க்க வருகிறார்கள், தூங்குவது ஒரே பெயரில் ஊர் ஊராக இருக்கும் சங்கிலி ஹோட்டலில். ராத்திரிக் காசு போகும் வழி அதுதான்.

நெல்லைக்காரன்
சங்கிலி ஹோட்டல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அதன் முதலாளி யார்? இந்த நாட்டு ஹோட்டல்களில் 60 விழுக்காடு இந்திய வம்சாவளியினர் கையில் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது. தென்மாநில நெடுஞ்சாலையில் எந்த மோட்டலில் நுழைந்தாலும் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பட்டேல். கறுப்பின வரலாற்றுச் சுற்றுலாவில் நிஜமாகச் சம்பாதிப்பது குஜராத்திகள். நாம்தான் கம்பெனி கம்பெனியாகச் சம்பளத்துக்கு ஓடுகிறோம்.

தோழர் துரை
நெல்லை, இது என்ன பேச்சு? இன ஒதுக்கலைத் தடை செய்த 1964 சட்டம் வரும்வரை கறுப்பினத்தவருக்கு அறை தராத நாட்டில், பின்னால் வந்து கடன் வாங்கி, குடும்பமே அறை துடைத்து, மோட்டல் நடத்தியவர்கள் மேல் உங்களுக்கு என்ன கோபம்? கறுப்பின முதலாளிக்கு வங்கி ஏன் கடன் தரவில்லை என்று கேளுங்கள்.

நெல்லைக்காரன்
கோபம் இல்லை, உண்மையைச் சொன்னேன். உண்மை சொன்னால் தோழருக்குச் சுடும்.

கணக்கன்
முதலாளி யார் என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்வி, ராத்திரி தங்குகிறார்களா. நெல்லை, துரை, இழையைத் திசை திருப்பாதீர்கள்.

சார்ல்ஸ்டன் சண்முகம்
கணக்கன் சார், உங்கள் ராத்திரிக் கணக்கு எங்கள் பக்கம் செல்லாது.

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனுக்கு அக்கரையில் மவுண்ட் பிளசன்ட், 17-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம். மரச்சட்டம் அடித்த சின்னச் சின்னக் கொட்டகைகள், ஆணியில் தொங்கும் புல் கூடைகள். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த குல்லா சமூகத்துப் பெண்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கைவேலையை இன்னும் செய்கிறார்கள். ஒரு பாட்டி பின்னுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கைப்பிடியை மட்டும் வைத்துத் தேய்த்துக் கூராக்கிய பழைய ஸ்பூன். அதை வைத்துப் புல் சுருளில் துளை போட்டு, பனையோலை நாரை நுழைத்து, இழுத்து, அடுத்த துளை. பேசிக்கொண்டே கை ஓடுகிறது. சிறிய கூடையே பத்து இருபது டாலருக்கு வராது, பெரியது நூற்றுக்கணக்கில் போகும். வண்டியை நிறுத்துகிறான், பத்து நிமிஷம் நிற்கிறான், பணம் அந்தப் பாட்டி கைக்கு நேராகப் போகிறது. அவன் ராத்திரி எங்கே தூங்கினால் அவருக்கு என்ன?

ஆனால் ஆனந்தன் அண்ணே சந்தோஷப்படவும் வழியில்லை. அந்தப் புல் வளர்ந்த கடற்கரை மணல்மேடுகளில் வேலி போட்ட குடியிருப்புகள் வந்துவிட்டன. முன்னால் நடந்துபோய்ப் பறித்த புல்லை இப்போது வெளியூரிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஜார்ஜியாவில் சப்பலோ தீவின் ஹாக் ஹம்மக் ஊரிலும் இதே கதை. 2023-ல் கவுண்டி விதியை மாற்றி, 1,400 சதுர அடிக்கு மேல் கட்டக்கூடாது என்றிருந்ததை 3,000 ஆக்கினார்கள். பெரிய வீடு வந்தால் நில மதிப்பு ஏறும், நில மதிப்பு ஏறினால் வரி ஏறும், வரி கட்ட முடியாதவன் விற்றுவிட்டுப் போவான். அடிமைகளின் வாரிசுகள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த மண் அது. ராத்திரி தங்குகிறவன் மட்டும் அல்ல, நிரந்தரமாகத் தங்க வருகிறவனும் பிரச்சினைதான்.

கணக்கன்
சண்முகம், கூடை நல்ல விஷயம். ஆனால் பாலத்தடியில் செல்மாவில் அந்த மாதிரி விற்க என்ன இருக்கிறது? பத்து நிமிஷம் நிற்கிறவனிடம் வாங்குவதற்குப் பொருள் இருந்தால்தானே காசு தங்கும்? ஆக, பொருளும் இல்லை, ராத்திரியும் இல்லை.

அட்லாண்டா ஆனந்தன்
சண்முகம் உங்கள் வாதத்தை ஒரே கூடையில் கவிழ்த்துவிட்டார். அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. உங்கள் வழக்கமே இதுதான். போன வருஷம் வீட்டு வரி இழையிலும் இதே மாதிரி ஒரே கேள்வியைப் பக்கம் பக்கமாகப் போட்டு எல்லோரையும் விரட்டினீர்கள்.

கணக்கன்
அந்த இழையை நீங்கள்தானே பூட்டினீர்கள்? நிர்வாகி பதவியில் உட்கார்ந்துகொண்டு, பதில் சொல்ல முடியாதபோது பூட்டுப் போட்டீர்கள். மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? இதையும் பூட்டுங்கள், பார்க்கிறேன்.

மெம்பிஸ் மீனாட்சி
ஐயோ, அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.

தோழர் துரை
பணம் யாருக்கு என்று பேசுகிறவர்கள் டல்சாவைத் தொடவே இல்லையே. 1921-ல் அந்த ஊரின் கறுப்பின வட்டாரமான கிரீன்வுட்டில் 35 தெருச் சதுரங்களை வெள்ளையர் கும்பல் எரித்தது. கறுப்பினத்தவரின் கடை, ஹோட்டல், மருத்துவமனை, சர்ச் எல்லாம் போனது. நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி டாலர் திரட்டி 2021-ல் வரலாற்று மையம் திறந்தார்கள். அதே 2021-ல் வயோலா பிளெட்சர் 107 வயதில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்னால் வந்து, அந்த ராத்திரியை இன்னும் தினமும் பார்க்கிறேன் என்று சாட்சி சொன்னார். பிழைத்தவர்கள் போட்ட வழக்கில் ஒரு வாதமே இதுதான்: எங்கள் துயரத்தைக் காட்டி நகரம் சுற்றுலா வளர்க்கிறது, எங்களுக்கு ஒன்றும் இல்லை. 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் வழக்குத் தள்ளுபடியை உறுதி செய்துவிட்டது.

அட்லாண்டா ஆனந்தன்
பாதிக் கதை சொல்லாதீர்கள் துரை. 2025 ஜூனில் டல்சாவின் முதல் கறுப்பின மேயர் மன்ரோ நிக்கல்ஸ் 10.5 கோடி டாலர் அறக்கட்டளைத் திட்டம் அறிவித்தார். வீடு, கல்வி, கட்டடப் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கிறது. உலகம் கிரீன்வுட்டைப் பார்க்க வந்திராவிட்டால் இந்த அறிவிப்பு வந்திருக்குமா?

தோழர் துரை
அது தனியாரிடம் திரட்ட வேண்டிய பணம். பிழைத்தவர்கள் கையில் நேராகக் கொடுக்கும் ரொக்கம் அந்தத் திட்டத்தில் இல்லை. அறிவிப்பை வைத்து அடுப்பு எரியாது.

நெல்லைக்காரன்
தோழருக்கு யார் எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

தோழர் துரை
பட்டேல் மேல் பொறாமைப்படுகிறவர் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கணக்கன்
டல்சா பெரிய நகரம், எண்ணெய்ப் பணம் உள்ள ஊர். செல்மாவோடு சேர்க்காதீர்கள். நான் இன்னொன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள்.

செல்மாவிலிருந்து மான்ட்கோமரி வரை ஊர்வலம் போன 54 மைல் பாதையை 1996-ல் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி லவுண்ட்ஸ் கவுண்டி வழியாகப் போகிறது. ஓட்டுரிமை கேட்ட குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து விரட்டியபோது அவர்கள் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தில் தேசியப் பூங்காத் துறை ஒரு மையம் வைத்திருக்கிறது. அருமையான மையம், குறை சொல்ல மாட்டேன். அந்த மையத்தைச் சுற்றியுள்ள கவுண்டியில் இன்னும் பல வீடுகளின் கழிவுநீர் குழாய் வழியாக வெளியே வந்து புழக்கடை மண்ணில் தேங்குகிறது. களிமண் பூமி, தண்ணீர் இறங்காது, முறையான தொட்டி கட்டப் பல ஆயிரம் டாலர் வேண்டும். பேருந்து அந்த வீடுகளைத் தாண்டித்தான் போகிறது, நிற்காமல்.

இதே அலபாமாவில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையின் பக்கம் நின்ற கூட்டமைப்புப் படைவீரர் நினைவுப் பூங்காவுக்குச் சொத்து வரியிலிருந்து வருஷா வருஷம் 5 லட்சம் டாலருக்கு மேல் போகிறது. அந்தப் படைவீரர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு காலத்தில் போட்ட வரி, வாங்கியவர்கள் செத்தபின்னும் நிற்கவில்லை. செல்மாவின் பிரவுன் சேப்பல், 1965-ல் ஊர்வலம் கிளம்பிய சர்ச், கரையான் அரித்து 2022-ல் நாட்டில் ஆபத்திலிருக்கும் 11 இடங்களின் பட்டியலில் வந்தது. ஊர் முழுக்கச் சுற்றுலாவில் பிழைக்கிறது என்றால் அந்த சர்ச்சுக்கு ஏன் மானியம் தேட வேண்டியிருந்தது? பதில் சொல்லுங்கள்.

அட்லாண்டா ஆனந்தன்
இப்போது நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள். அரசு செலவழிக்க வேண்டும், சர்ச்சைக் காப்பாற்ற வேண்டும் என்றால், ஆள் வருகிறான், வருமானம் வரும் என்று காட்டித்தானே கேட்க முடியும்? 1983-ல் ஜார்ஜ் வாலஸ் ஆளுநராக இருந்தபோதே அலபாமா கறுப்பின வரலாற்று இடங்களுக்குச் சுற்றுலாக் கையேடு போட்டது. கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி 1963-ல் பல்கலைக்கழக வாசலில் நின்று மறித்த அதே வாலஸ். திருந்தியதால் போட்டார் என்று நான் சொல்லவில்லை. காசு வரும் என்று தெரிந்ததால் போட்டார்கள். காசு பேசும் இடத்தில்தான் கதவு திறக்கிறது. அதற்குத்தான் நான் 10,940 கோடியை எழுதினேன்.

தோழர் துரை
அந்த எண் வேறு எதற்கோ உரிய எண் என்று மேலேயே சொன்னேன்.

மெம்பிஸ் மீனாட்சி
கதவு திறந்து யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்பதுதான் நான் கேட்டது. அந்த மறியல் பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

அட்லாண்டா ஆனந்தன்
மீனாட்சி, அப்புறம் எழுதுகிறேன். கணக்கன் சார், வரும் மார்ச்சில் எங்கள் சங்கத்துப் பேருந்தை செல்மாவிலேயே ராத்திரி தங்க வைக்கிறேன். செயின்ட் ஜேம்ஸில். போதுமா?

கணக்கன்
மார்ச்சில் ஏன்? ஆகஸ்டில் தங்க வையுங்கள். அதோடு, இதுவரை கூட்டிப்போன பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. மான்ட்கோமரியா, இல்லை நேராக அட்லாண்டாவா?

சார்ல்ஸ்டன் சண்முகம்
கூடை வாங்கினார்களா என்று கேளுங்கள் சார்.

கணக்கன்
சண்முகம், கூடை சார்ல்ஸ்டனில். நான் செல்மாவைக் கேட்கிறேன்.